மணமில்லாத சோறு

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், இளையரசனேந்தலில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் வில்வண்டி குடைசாய்ந்தது. மழையில் பாதை அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. நான் பின்பக்கமாக விழுந்தேன். பின்னந்தலை கல்லில் மோதியது. ரத்தம் அதிகம் வரவில்லை. கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். கண் விழித்தபோது என் மாமியார் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, உன் பேரைச் சொல்லு.”

சொன்னேன்.

“பொழைச்சுக்கிட்டா” என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வாரம் போலப் படுத்துக் கிடந்தேன். கஞ்சிதான் ஆகாரம். கஞ்சியில் என்ன ருசி இருக்கும்? அதனால் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த அன்று அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். சூடாக இருந்தது, கசந்தது, இனித்தது. காப்பி மட்டும் இல்லை.

“காப்பித்தூள் போட மறந்துட்டீங்களா அத்தை?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நேத்து வறுத்து இடிச்ச தூளு. தெருமுனை வரைக்கும் மணக்கு. உனக்கு நாக்கு செத்துக் கெடக்கு, அதான்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானம் வத்தக்குழம்பு. புளிப்பும் உப்பும் காரமும் தனித்தனியாக வந்தன. அவற்றைச் சேர்த்துக் குழம்பாக்கும் ஏதோ ஒன்று வரவில்லை. ரசம் புளித்த வெந்நீராக இருந்தது. பொரியலில் மெதுமெதுப்பு மட்டும்; கண்ணை மூடிக்கொண்டால் அது அவரைக்காயா புடலங்காயா என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கிட்டே வைத்தேன். எதுவும் இல்லை. ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தேன். எரிந்தது. கிராம்பு என்று சொல்ல அந்த எரிச்சலைத் தவிர வேறொன்றும் வாயில் இல்லை. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனேன். பயமோ அழுகையோ வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு வினோதமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் கிளார்க். அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுநாள் லீவு போட்டு ஊரில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு சீசாவாக மூக்கின்கீழே பிடித்தார். ஒரு சீசாவுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இது மணக்காம்மா?”

“எரியுது. மணம் இல்ல.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அவ்வளவுதான். காரம்ங்கிறது எரிச்சல். மத்ததெல்லாம் நாம ருசின்னு நெனைக்கோம், ஆனா அது மூக்குல நடக்கு. மெல்லும்போது மணம் தொண்டை வழியா மேல ஏறும். தலையில அடிபட்டதுல அந்த நரம்பு அறுந்திருக்கும்.”

“திரும்ப வருமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“வந்தா வரும். இதுக்கு மருந்து கிடையாது.”

மருந்து கிடையாது என்பதை அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அத்தனை கூட்டம், அத்தனை பூ, தட்டுத் தட்டாகக் கற்பூரம். நெருப்பு எரிவதைக் கண் பார்த்தது. துளசித் தீர்த்தம் கையில் விழுந்தது, குளிர்ந்த தண்ணீர். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். என் அம்மா ஊரிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். யாரோ ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை ராயகிரிக்கு மகள் பிரசவத்துக்குப் போனார். அடுக்களை முழுக்க என் கைக்கு வந்தது. சமையல் எனக்கு மறக்கவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் தெரியும், வெங்காயம் எப்போது சிவக்கும் என்று தெரியும். உப்பும் புளியும் நாக்கிலேயே நின்றன. அதனால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் முந்தின ராத்திரி சாம்பாரைச் சூடு பண்ணி இட்லிக்கு ஊற்றினேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். கை கழுவினார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாக அடுக்களைக்குள் வந்து சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார்.

“ஏன் கொட்டுதீங்க?”

“ஊசிப்போச்சு.”

“பெறகு நீங்க ஏன் சாப்பிட்டீங்க?”

“தட்டுல ஊத்தின பெறகுதான் தெரிஞ்சுது. எந்திரிச்சா நீ வருத்தப்படுவேன்னு பாத்தேன்.”

“நான் வருத்தப்பட மாட்டேன்” என்றேன்.

சமாதானத்துக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவருக்கும் அது புரிந்துவிட்டது. காலிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். வண்டி கவிழ்ந்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், இடது கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் அப்படியே வாயால் மூச்சு விட்டு, தடுமாறித் தடுமாறிச் சாப்பிட்டார். முடிக்கும்போது நெற்றி வேர்த்திருந்தது.

“கருவேப்பிலையும் கொத்தமல்லியும் ஒண்ணு போல இருக்கு. தழையை மெல்லுத மாதிரி” என்றார். “எப்படிட்டி தெனமும் இதைச் சாப்பிடுதே?”

“பசிக்கும்லா?”

மறுநாள் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் அடுக்களைக்குள் வந்தார். பாலைத் திறந்து மோந்து பார்த்தார். மாவை மோந்து பார்த்தார். மிச்சக் குழம்பை, எண்ணெய்ப் பாத்திரத்தை, நெய்யை. “எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் அது நடந்தது.

அத்தை ராயகிரியிலிருந்து வந்த முதல் நாளே இதைப் பார்த்துவிட்டார்.

“என்னலே, ஆம்பிளை அடுக்களைக்குள்ள பூந்து பானை பானையா மோந்துக்கிட்டு நிக்கே? பாத்தவங்க என்ன சொல்லுவாங்க?”

“யாரு பாக்கா? நீ சும்மா இரும்மா.”

அத்தை சும்மா இருக்கவில்லை. நாலைந்து நாள் முணுமுணுத்தார். பிறகு மகன் பாலை மோந்து பார்த்து முடித்ததும் “அந்தத் தயிரையும் பாருலே” என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

நாட்கள் போயின. நான் உண்டேன், உறங்கினேன். பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் பக்கத்திலிருந்தவள் “பாயசம் எப்படி?” என்று கேட்டாள். இனிப்பு சரியாக இருக்கிறது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நாற்றம். கந்தல் துணி கருகுவது போல, அதோடு செத்த எலி போல. மூலை மூலையாகத் தேடினேன். அத்தை வந்து மோந்து பார்த்து, “வெங்காயம்லா மணக்கு” என்றார். குனிந்து பார்த்தேன். நாற்றம் அந்த வெங்காயத்திலிருந்துதான் வந்தது.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“மணம் வந்துட்டா!” என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“நாறுது” என்றேன்.

“நாறட்டும்ட்டி. நாறட்டும்.”

நரம்பு மாறிச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மெல்ல மெல்லச் சில மணங்கள் திருந்தின. பூண்டு பாதி வந்தது. மண்ணெண்ணெய் முழுசாக வந்தது. சீரகமும் மல்லிகையும் வரவே இல்லை. சோற்றில் நடுநடுவே ஏதோ ஒன்று தட்டுப்படும். அடுத்த வாயில் காணாமல் போகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பழகிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தூக்க வருகிறவர்கள் எல்லாரும் அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது, மெல்லிய முடி உரசியது.

அவளுக்கு முதல் சோறு ஊட்டியது நன்றாக நினைவிருக்கிறது. குழைத்த பருப்புச் சோற்றில் நெய் விட்டு, விரல் நுனியில் எடுத்து உதட்டில் வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். துப்பப்போகிறாள் என்று நினைத்தேன். துப்பவில்லை. வாயை மூடிக்கொண்டு எதையோ கண்டுபிடிப்பது போல அசையாமல் இருந்தாள். மூக்கு லேசாக விரிந்தது. கண் அகலமானது. பிறகு இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு வாய் எடுத்தேன்.