அரை மணி நேரம் மூத்தவள்

பெர்லாண்டா துறைமுகத்தில் எதெல்வினா மத்தி மீன் கூவி விற்ற காலத்தில், அவள் குரலைக் கேட்டு ஒவியேதோ நகரத்துப் பூனைகள் ரயிலேறி வந்தன என்பார்கள். அது மிகை. பூனைகள் நடந்துதான் வந்தன.

அவளுக்கு எழுபத்தொன்பது வயதானபோது ஒரு கட்சி வந்து, கடற்கரைத் தொகுதிப் பட்டியலில் ஆறாவது பெயராக அவளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டது. அந்தத் தொகுதியில் அந்தக் கட்சிக்கு நாலு இடம் கிடைத்தாலே பெரிது. ஆறாவது பெயர் என்பது சட்டைக்குக் கூடுதலாகத் தைத்துத் தரும் பொத்தான் மாதிரி. எதெல்வினாவும் மீன் கத்தியைக் கீழே வைக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தேர்தல் முடிந்து எண்ணினால், முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஆறாவது இடமும் கட்சிக்கே வந்துவிட்டது. இப்படியாக அவள் அஸ்தூரியாஸ் மாநில அவையின் நாற்பத்தைந்து உறுப்பினர்களில் ஒருத்தி ஆனாள், நாலு வருஷத்துக்கு.

அவையிலிருந்து ஒரு விதிப் புத்தகம் தபாலில் வந்தது. பலர் அதைப் பிரிப்பதே இல்லை. எதெல்வினா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். ஏழாம் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள்.

புது அவை கூடும் முதல் நாளில் அதற்குத் தலைவர் கிடையாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை வயதில் மூத்த உறுப்பினர்தான் மேலே அந்த உயரமான நாற்காலியில் அமர்ந்து கூட்டத்தை நடத்த வேண்டும். வயதில் மிகக் குறைந்த இருவர் அவருக்கு இரு பக்கமும் இருந்து எழுதுவார்கள். முன்னாள் அமைச்சரானாலும் சரி, பெரிய வக்கீலானாலும் சரி, அந்த ஒரு காலைப்பொழுதுக்கு வயதுதான் கணக்கு.

அன்று சாயங்காலமே துறைமுகம் முழுக்கச் செய்தி பரவியது.

"அடியே அர்ஹெந்தினா, நான் உக்காரப்போற நாற்காலி எவ்வளவு உசரம் தெரியுமா? அங்கேருந்து பார்த்தா கடல் தெரியும்!"

பக்கத்துக் கடை அர்ஹெந்தினா சிப்பியைப் பிளந்தபடியே சொன்னாள்: "ஒவியேதோவுல ஏதுடி கடல்? உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். போன தடவை சுறா உனக்கு வணக்கம் சொல்லிச்சுன்னு சொன்னவதானே நீ?"

"அது வாலை ஆட்டிச்சு. நான் வணக்கம்னு எடுத்துக்கிட்டேன். நீயே வந்து பாரேன்!"

"வர்றேன். எல்லாருமே வர்றோம். நீ அந்த நாற்காலியில உக்காரலைன்னா, நாலு வருஷமும் உன்னை 'அம்மா தலைவர்'னு கூப்பிட்டே சாகடிப்போம்."

நாற்பத்து மூன்று பேருக்குப் பேருந்து ஏற்பாடானது.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அவைச் செயலர் ரெமெதியோஸ் தொலைபேசியில் அழைத்தார். நேரில் வரச் சொன்னார். எதெல்வினா போனால், அறையில் ஏற்கெனவே ஒருவர் குடையை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்தார். அது செனென். பெர்லாண்டாவின் மேட்டுத் தெருவில் முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். போட்டிக் கட்சியின் பட்டியலில் நின்று வென்றவர். மீன்காரிகளுக்கு இருமல் மருந்து கொடுக்கும்போதுகூட மூக்கைத் திருப்பிக்கொண்டே கொடுப்பார் என்று துறைமுகத்தில் அவருக்குப் பெயர்.

ரெமெதியோஸ் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஊரு. ஒரே வருஷம், ஒரே நாள். அக்டோபர் பதினொண்ணு. பிறந்த நேரமும் எழுதியிருக்கு, ஆனா ரெண்டுலயும் சாயங்காலம் நாலு மணி. எழுதினவர் ஒரே மூச்சுல எழுதித் தள்ளியிருக்கார்."

"அப்ப யாரு மூத்தவங்க?" என்றாள் எதெல்வினா.

"காகிதப்படி யாரும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போடறதுதான் நியாயம்."

எதெல்வினா கணக்குப் போட்டாள். சீட்டுக் குலுக்கினால் பாதி வாய்ப்பு செனெனுக்கு. அவர் உட்கார்ந்தால், பேருந்தில் வரும் நாற்பத்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஏழாம் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து அந்த நாற்காலி அவளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை இழப்பதுதான் தாங்காது.

"போடுங்க," என்றாள். குரல் முதல் முறையாக மேசை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை.

செனென் குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"சீட்டெல்லாம் வேண்டாம். அந்தக் காலத்துல ஊருக்கு ஒரே மருத்துவச்சி. ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுல எப்படி இருந்திருப்பா?"

"அதனால?"

"எங்கம்மா சாகறவரைக்கும் ஒரே புலம்பல். 'வலியில துடிச்சுக்கிட்டுக் கிடக்கேன், அந்த மருத்துவச்சி அரை மணி நேரம் தாமதமா வர்றா. கேட்டா, கீழே மீன்காரி வீட்டுல பொண்ணு பொறந்துச்சாம். கையெல்லாம் மத்தி நாத்தம்!' எதெல்வினா, உங்கம்மாவை எங்கம்மா அம்பது வருஷம் திட்டினது அதுக்குத்தான்." அவர் செயலரைப் பார்த்தார். "நான் அப்புறம் பொறந்தவன். எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

"யோவ் செனென், உங்க கட்சிக்காரங்க உன்னைத் தோலை உரிச்சிடுவாங்களே?"

"பொய் சொல்லி மூத்தவன் ஆகணுமா? இந்த வயசுலயா?"

அந்த வியாழக்கிழமை, பத்து மணிக்கு, எதெல்வினா கறுப்பு உடையில் ஏழு படி ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்வையாளர் மாடத்தில் அர்ஹெந்தினா வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. பெர்லாண்டாவில் அது முன்னெப்போதும் நடந்ததில்லை.

எதெல்வினா ஒலிவாங்கியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். அழைத்தவர் எழுந்து வந்து, தலைவராக வேண்டியவர் பெயரை எழுதி மடித்த சீட்டை அவள் முன்னிருந்த கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். முதல் பெயர். இரண்டாவது. தொலைக்காட்சியில் மட்டுமே அவள் பார்த்திருந்த முகங்கள் அவள் சொன்னதும் எழுந்தன, வந்தன, தலை தாழ்த்தின. அஸ்தூரியாஸில் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். நாற்பத்தைந்தால் வகுத்தால் ஒருவருக்கு இருபத்திரண்டாயிரம். எதெல்வினா மனக்கணக்கில் கெட்டிக்காரி. அதனால் அவள் கண்ணுக்கு ஒருவர் நடந்து வருவதாகவே தெரியவில்லை. சுரங்கக்காரர்களும் மாட்டுக்காரர்களும் ஆசிரியைகளும் படகோட்டிகளும் இருபத்திரண்டாயிரம் இருபத்திரண்டாயிரமாகப் படியேறி வந்தார்கள். மரப்படிகள் முனகின. அத்தனை பேரும் நாலு வருஷத்துக்கு மட்டும் இரவல் தந்த இடங்கள். நாலு வருஷம் முடிகிற அன்று உறுப்பினர் எல்லோரும் திருப்பித் தந்துவிட்டு, கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். பிறகு மறுபடியும் ஒரு மூத்தவர், மறுபடியும் இந்தப் பெயர் வாசிப்பு. கடைசியாகத் தன் பெயரைத் தானே அழைத்துக்கொண்டு, தானே பதில் சொன்னாள்.

சீட்டுகளைப் பிரித்து வாசித்தவன் நெல் என்ற இருபத்து நாலு வயதுப் பையன். அவையில் இளையவன். செனெனின் கட்சிக்கு இருபத்து மூன்று பேர். முடிவு தெரிந்த கதைதான். ஆனால் நாற்பத்தைந்தாவது சீட்டில் நெல் திணறினான்.

"அம்மா, இது என்ன எழுத்து? மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு."

எதெல்வினா வாங்கிப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவள் வீட்டு இருமல் மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த அதே கோணல் எழுத்து. அதில் ஒரே ஒரு பெயர்: எதெல்வினா.

"என் பேரு," என்றாள் மெதுவாக. "இதை விட்டுடலாமா தம்பி?"

"விட முடியாதும்மா. ஒரு வாக்குன்னாலும் பதிவேட்டுல ஏறணும்."

பதிவேட்டில் ஏறியது: இருபத்திரண்டு, இருபத்திரண்டு, எதெல்வினா ஒன்று. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே முதலிடம் பெற்ற இருவருக்கும் இடையே இன்னொரு வாக்கெடுப்பு. ஆகவே நாற்காலியில் இன்னும் நாற்பது நிமிஷம். மாடத்தில் பெர்லாண்டா கைதட்டிக் கூத்தாடியது. செனெனின் கட்சித் தலைவர் திரும்பித் தன் ஆட்களை ஒவ்வொருவராக முறைத்தார். செனென் குடையின் கைப்பிடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமைதி!" என்றாள் எதெல்வினா. ஒலிவாங்கி இல்லாமலேயே விளக்குகள் ஆடின.

அவள் மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயரையும் முழுசாக, தாயின் குடும்பப் பெயரும் விடாமல், உச்சரித்தாள். இருபத்து மூன்று, இருபத்திரண்டு. புதிய தலைவர் படியேறி வந்தார். எதெல்வினா எழுந்து, நாற்காலியின் கையில் ஒரு கணம் விரல்களை வைத்துவிட்டு, இறங்கினாள்.

தன் இடத்துக்குப் போகும் வழியில் செனெனின் வரிசையில் நின்றாள்.

"யோவ், அந்தச் சீட்டு..."

"ரகசிய வாக்கெடுப்பு, எதெல்வினா," என்றார் செனென், மூக்கைத் திருப்பியபடியே. "புத்தகத்தை ஒழுங்காப் படி."