வின்சன்ற் நிறுத்திய இரண்டரை நிமிடம்

குருநகர் வின்சன்ற் 1999ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு ஆம்பிளிபயரோடும் இரண்டு ஹோர்ன்களோடும் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கினார். இன்றுவரை 418 அரசியல் கூட்டங்களுக்கு மைக் கட்டியிருக்கிறார். எல்லாக் கட்சிக்கும் கட்டியவர்; எந்தக் கட்சியிலும் சேராதவர். அந்தக் கூட்டங்களில் முப்பத்தேழில் பேச்சின் நடுவே கரண்ட் நின்றிருக்கிறது. அப்போதெல்லாம் பேச்சாளர் திரும்பத் தொடங்கும் இடத்தை வின்சன்ற் கவனிப்பார். சனத்துக்குப் பிடிக்காத கதையில் கரண்ட் போனால், வந்ததும் அநேகம்பேர் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். விடுபட்ட வசனத்துக்குத் திரும்பி வந்தவர்கள் அவர் கணக்கில் நான்கு பேர்தான். அந்த நால்வரும் தேர்தலில் தோற்றவர்கள்.

சென்ற ஓகஸ்ட் மாதம் அவருடைய தம்பி ஜஸ்ரின் ஒரு கடிதத்தோடு வந்தான். ஜஸ்ரின் சிறுவலைக்காரன். அந்த ஆண்டில் மட்டும் இரண்டு தடவை இழுவைப் படகுகள் அவனுடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தன. அவனைப் போன்ற பதினாலு குடும்பங்கள் சேர்ந்து, எந்தத் திகதியில் எந்தப் படகு யாருடைய வலையை அறுத்தது என்று எழுதியிருந்தார்கள். அதைப் பாராளுமன்றத்தில் வைத்து, சட்டம் தடைசெய்தும் நடக்கிற இழுவைத் தொழிலை நிறுத்தும்படி பிரேரணை கொண்டுவருவதாக ஜெயரூபன் எம்.பி. சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் பெயர் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பதுதான் அவருடைய நிபந்தனை.

"படகுக்காரர் எல்லாம் எங்கடை றோட்டிலைதான் இருக்கினம்," என்றான் ஜஸ்ரின். "ஐஸும் அவையிட்டைதான் எடுக்கிறம். எம்.பி. பாதியிலை விட்டிட்டால் நாங்கள் எந்த முகத்தோடை இஞ்சை இருக்கிறது? அவற்றை பேச்செல்லாம் கேட்டனீங்கள்தானே அண்ணை. ஆள் எப்பிடி?"

"பதினொரு பேச்சுக் கேட்டனான். அச்சுவேலியிலையும் இழுவைப் படகு றோலரை நிப்பாட்டோணும் எண்டவர், சாவகச்சேரியிலையும் எண்டவர்."

"அச்சுவேலித் தோட்டக் கிணத்துக்கை ஆர் றோலர் ஓடுறது?"

வின்சன்ற் சிரித்தார். "அதுதான் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சை அவற்றை கூட்டம். அது முடியட்டும்."

கூட்டம் 17ஆம் திகதி பிற்பகல் நாலரைக்குத் தொடங்கியது. கதிரைகள் 240. முன்வரிசையில் நடுவில் மூன்று இழுவைப் படகுகளின் சொந்தக்காரர் பிலிப்பு. வின்சன்றின் மேசை மேடையின் கீழே, வலப்பக்கம்; ஹோர்ன்கள் இப்போது நாலு. எம்.பி. வீதியைப் பற்றிக் கதைத்தார், வைத்தியசாலையைப் பற்றிக் கதைத்தார். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, கையிலிருந்த தாளைப் பார்த்து, "வாற சித்திரைக்கு முன்னம் இழுவைத் தொழில் நிறுத்தப்பட வேண்டும். இந்தக் கரையில் நிற்கிற படகுகளும் அதில் அடங்கும்," என்றார்.

முன்வரிசை எழுந்தது. பின்னாலிருந்து கூக்குரல் வந்தது. வின்சன்ற் எம்.பி.யின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். எழுதி வந்ததை வாசித்தாரா, மனத்தில் உள்ளதைச் சொன்னாரா? இருபத்தாறு ஆண்டுகளில் தன் கையால் ஒரு கூட்டத்தையும் நிறுத்தாதவர், மேசையின் கீழே குனிந்து பிரதான வயரையே பிடுங்கினார். மேடை மின்விசிறியும் சேர்ந்து நின்றது.

எம்.பி.யின் செயலாளர் ஓடிவந்தார். "என்ன அண்ணை?"

"கரண்ட்போலை கிடக்கு. பாக்கிறன்."

செயலாளர் மேடையில் ஏறிச் சொன்னது வின்சன்றுக்குத் தெளிவாகக் கேட்டது. "சேர், நல்ல நேரத்திலை போச்சு. பாதிப் பேருக்குக் கேட்டிராது. வந்த உடனை கோயில் வீதிக் கதையிலை பிடியுங்கோ."

எம்.பி. போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் தாளை மடித்த விதம் வின்சன்றுக்குப் பிடிக்கவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தார். இரண்டரை நிமிடத்தில் வயரைத் திரும்பக் கொழுவினார்.

ஹோர்ன்கள் ஒருமுறை இரைந்து அடங்கின.

"கோயில் வீதி..." என்று தொடங்கினார் எம்.பி.

வின்சன்ற் ஜஸ்ரினைத் தேடினார். அவன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"கோயில் வீதியைப் பிறகு கதைப்பம். கரண்ட் போகேக்கை நான் சொன்னது எத்தினை பேருக்குக் கேட்டதெண்டு எனக்குத் தெரியாது. அதாலை திரும்பச் சொல்லுறன்."

தாளைப் பார்க்காமலே சொன்னார். அதே சித்திரை, அதே கரை. வின்சன்ற் தன்னை அறியாமலே சத்தத்தைக் கூட்டினார். நாலு ஹோர்னும் துறைவரை முழங்கின. ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்துவந்து மேடைப் பலகையில் விழுந்தது. கதிரைகள் உருண்டன. ஆனால் எம்.பி. மைக்கை விடவில்லை. மூன்றாம் தடவையும் சொன்னார். கூட்டம் முடிந்தபோது கதிரைகளில் இருந்தவர்கள் எண்பத்தாறு பேர்.

வயர் சுற்றும்போது பிலிப்பு வந்து நின்றார். "என்ரை வீட்டிலை கரண்ட் போகேல்லை, வின்சன்ற். பழுது உன்ரை செற்றிலை. வாற கோயில் திருநாளுக்கு மைக் கட்ட வேறை ஆளைப் பாக்கிறம்."

"ஓம், பாருங்கோ," என்றார் வின்சன்ற்.

பிலிப்பு போனபிறகு ஜஸ்ரின் ஓடிவந்தான். "கேட்டனீங்களே அண்ணை? மூண்டு தரம் சொன்னவர். கரண்ட் போன உடனை எல்லாம் போச்செண்டு நினைச்சன்."

"போகேல்லை. நான்தான் பிடுங்கினனான்."

ஜஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தாள் திரும்பச் சொல்லாட்டில்?"

"கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு வலையைப் பொத்து எண்டு சொல்லியிருப்பன். கடிதம் எங்கை?"

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் தாளை விரித்து ஜஸ்ரின் முதலாவது கையெழுத்தை வைத்தான். அடியில் சாட்சிக்கென்று ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது.

"உதுக்கு ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டான்.

வின்சன்ற் பேனையை வாங்கித் தன்னுடைய முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதினார்.