கடல் பக்கத்து ஜன்னல்

கடற்கரைச் சாலையில் எங்கெங்கே நிற்பது என்பதை எங்கள் வீட்டில் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம். மாமல்லபுரம் ஏற்கெனவே பார்த்ததுதான், வேண்டாம் என்றாள் அக்கா. மரக்காணத்தில் டீ, புதுச்சேரியில் சாப்பாடு, அப்புறம் தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி. திரும்பும்போது உள்வழி. தெற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம்தான் வரும் என்று போனில் வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை சுற்றுலாவாக இருந்தது, அந்த நிமிடத்திலிருந்து சொத்துத் தகராறு ஆகிவிட்டது.

போவது ஆறு பேர். சந்தவாசலில் கடை வைத்திருக்கும் அண்ணன், அண்ணி, அக்கா, அக்கா வீட்டுக்காரரான மாமா, என் மனைவி, நான். வாணியம்பாடியிலிருந்து ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை டிரைவரோடு பேசியிருந்தோம். முன் சீட் எனக்கு. திட்டம் போட்டவன் வழி காட்ட வேண்டாமா? பின்னால் இருந்த இரண்டு வரிசையில் இடது ஜன்னல் இரண்டு, வலது ஜன்னல் இரண்டு, மிச்சம் ஜன்னலே இல்லாத ஒரு நடு சீட்.

எங்களில் அண்ணி ஒருவர்தான் கடலைப் பார்க்காதவர். பிறந்தது ஜவ்வாது மலை மேலே, ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். கல்யாணமாகிக் கீழே இறங்கியவர் சந்தவாசலோடு நின்றுவிட்டார். நாங்கள் கடல் பக்கம் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் மாடு கன்று போடும், இல்லையென்றால் அறுப்புக்கு ஆள் வரும். வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் அண்ணிதான். இந்தத் தடவை மாட்டை விற்றாயிற்று.

"எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி. கடல் தெரியற பக்கம் ஜன்னல் மட்டும் குடுத்துடுங்க" என்றார் என்னிடம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஜன்னல் சீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வாந்தி எடுப்பவருக்கே ஜன்னல். அதிகம் எடுப்பவர் தனக்குப் பிடித்த ஜன்னலைக் கேட்கலாம். மறுநாள் காலையில் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு கெட்டுவிட்டது. பல வருஷம் லாரி ஆபீசில் வேலை பார்த்த மாமாவுக்கு டீசல் வாசனையே ஆகாது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அக்காவுக்குக் கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டுமாம். என் மனைவிக்கு ஏசி ஒத்துக்கொள்ளாதாம். எங்கள் வீட்டில் ஏசி வேண்டும் என்று அடம்பிடித்து மாட்டியவள் அவள். அண்ணன், தனக்குச் சின்ன வயதிலிருந்தே வாந்தி உண்டு என்று பரம்பரை நிலத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு வர்றதில்ல" என்றார் அண்ணி. ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் அண்ணன்தான் தீர்ப்பு சொன்னார். "சும்மா வாய்ல சொன்னா ஆச்சா? மலைக்கு ஒரு தபா போய்ட்டு வந்தா தெரிஞ்சிடும்." கடலுக்குப் போவதற்கான ஒத்திகையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே காரில், அதே டிரைவரோடு ஆறு பேரும் மலை ஏறினோம்.

வளைவுகள் ஆரம்பித்ததும் மாமா கண்ணாடியை இறக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஓங்கரித்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. களைத்துப்போய்த் தூங்கினார். பெரிய வளைவு வந்தால் விழித்து இன்னொரு முறை ஓங்கரித்துவிட்டுத் தூங்கினார். அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து முகத்தை உள்ளே விட்டார். மேலே போனதும் அதே பையில் சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டார். என் மனைவி சத்தமே இல்லாமல் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அதுதான் நல்ல நடிப்பு.

அண்ணி நடு சீட்டில் வறுத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பாதை அது.

நான் முன் சீட்டில் போனைக் குனிந்து பார்த்தபடி வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே இருப்பது ஒரே வழிதான். பாதி மலையில் எனக்குக் கண் இருட்டியது. கதவைத் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. அந்த வண்டியில் உண்மையாக வாந்தி எடுத்தவன் நான் ஒருவன்தான்.

ஜமுனாமரத்தூரில் டீ குடிக்கும்போது அண்ணன் சீட்டுகளை அறிவித்தார். இடது ஜன்னல்கள் மாமாவுக்கும் அக்காவுக்கும். வலது ஜன்னல்கள் அவருக்கும் என் மனைவிக்கும். நடு சீட் அண்ணிக்கு.

அண்ணி டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத்தான் வர மாட்டேங்குதே. இன்னா பண்றது" என்றார். முன் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், வாய் வரவில்லை.

காரின் கதவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பாய் திரும்பினார். "முன்னால யார் குந்துறதுன்னு நான்தாங்க சொல்லணும். எம் பக்கத்துல குந்துறவங்க வாந்தி எடுக்கக் கூடாது, தூங்கக் கூடாது. அவங்க தூங்கினா எனக்கும் கண்ணு சொக்கும்."

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "பாய், எனக்கு நெஜமா வாந்தி இல்லீங்க. சும்மா காட்னேன்."

"அப்ப ஜன்னல் சீட்டு கெடையாது, நடுவுல குந்துங்க" என்றார் அண்ணன், சட்டத்தை விடாமல்.

"முன்னாலயும் ஆவாதுங்க" என்றார் பாய். "நீங்க தூங்கினத கண்ணாடில பார்த்தேனே."

அதற்கப்புறம் மாமாவுக்கு மறுபடியும் குமட்டியது. மற்றவர்கள் ஜன்னலை விட மனமில்லாமல் டீயைக் குடித்து முடித்தார்கள். பாய் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, "நீங்க வாங்கக்கா" என்றார். அண்ணி மீதி வேர்க்கடலையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உண்மையாக வாந்தி எடுத்த எனக்காவது ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் கொடுத்தாயிற்று என்றார் அண்ணன்.

அடுத்த மாதம் விடியும் முன்பே கிளம்பினோம். கடற்கரைச் சாலையில் சேர்ந்தபோது சூரியன் ஏறி, வெயில் இடது பக்கமாக நேரே உள்ளே அடித்தது. மாமாவும் அக்காவும் ஆளுக்கொரு துண்டை ஜன்னலில் தொங்கவிட்டுத் தூங்கிப்போனார்கள். வலது பக்கத்திலும் குறட்டை. நான் நடு சீட்டில், மாமாவின் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஓரிடத்தில் சவுக்குத் தோப்பு முடிந்தது. பாய் எதுவும் சொல்லாமல் வண்டியை மெதுவாக்கினார். எனக்குக் கடல் தெரியவில்லை. அண்ணியின் காது தெரிந்தது, ஒரு பக்கத்துக் கன்னம் தெரிந்தது. உரித்த கடலை கையிலேயே இருந்தது.

பிறகு பாயிடம் கேட்டார்: "இவ்ளோ நாளா இது இங்கியேதான் இருந்துச்சா?"