மகள் விட்டுப்போன உப்புத் தண்ணீர்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேற்கே பார்த்தால் மலை. மற்றப் பக்கமெல்லாம் தென்னந்தோப்பு, மில்லு, புதிதாக முளைத்த வீடுகள். அப்படிப்பட்ட ஊரில், முட்டைகூட உடைக்காத எங்கள் வீட்டின் உள்ளறையில் கொஞ்சம் கடல் இருக்கிறது. என் மகள் விட்டுவிட்டுப் போனது.

அவள் இங்கே வேலையில் இருந்தபோது ஆசைப்பட்டு வைத்த கண்ணாடித் தொட்டி அது. உள்ளே கடலிலிருந்து வந்த கல், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன் இரண்டு, ஓர் இறால். பூ மாதிரி விரிந்து ஆடுகிற ஒன்றும் உண்டு. அது பூ இல்லை, அதுவும் ஓர் உயிர்தான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் கேட்பார்: "ஏனுங்கண்ணா, கவுச்சி திங்காத ஊட்டுல மீனுக்கு இத்தன உபசாரமா? கொளம்புக்கு எப்பங்க ஆகும்?" என் மனைவி அவருக்குக் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துவிடுவாள்.

கனடாவில் வேலை கிடைத்து மகள் கிளம்பியபோது, "தொட்டிய யாருக்காச்சும் குடுத்தரலாமுங்ப்பா, உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றாள். இருக்கட்டும் கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மீன் இங்கே இருந்தால் மீனுக்காகவாவது திரும்பி வருவாள் என்று ஒரு கணக்கு. அதை அவளிடம் சொல்லவில்லை.

பொழுதோடு அவள் கூப்பிடுவாள். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்கு விடியற்காலம். முதலில் கேட்பது, "சாப்டீங்களா?" இரண்டாவது, "மீனைக் காட்டுங்ப்பா." நான் போனைத் தொட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பேன். அவள் மீனைப் பார்ப்பாள். நாங்கள் அவளைப் பார்ப்போம். தலை வாராமல், கண்ணில் தூக்கத்தோடு, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது இருந்த அதே முகம். மீன் கல்லைச் சுற்றினால் அவள் கண்ணும் சுற்றும். எங்களிடம் பேச அவளுக்கு அவ்வளவாக விஷயம் இருக்காது. அவள் வேலை எங்களுக்குப் புரியாது. மீன் இருந்ததால் அந்த முகம் எங்களுக்கு வெகுநேரம் கிடைத்தது. மீன் போய்விட்டால் "சாப்டீங்களா" என்பதோடு முடிந்துவிடும் என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மாதம் ஒருமுறை எங்கள் பகுதிக்குப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்கள். முந்தின நாள் பேப்பரில் போட்டுவிடுவார்கள். மற்ற செய்தியை நான் படிக்கிறேனோ இல்லையோ, அதைப் படித்துவிடுவேன். தண்ணீர் சுற்றாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். வழக்கமாக இன்வெர்ட்டர் தாங்கிவிடும். இந்தச் சித்திரையில் அதன் பேட்டரி ஓய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தியிருந்தேன். அன்று காலைப் பலகாரம் முடிவதற்குள் கீ என்று கத்திவிட்டு நின்றுபோனது.

அதற்கும் மகள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தாள். பேட்டரி செல்லில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று. அதைத் தொட்டிக்குக் கீழே வைத்துக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டேன். குமிழி வந்தது. வெயில் ஏறினால் தண்ணீர் சுடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடிதான்.

அன்று கிருத்திகை என்பதை மட்டும் நான் இதோடு சேர்த்து நினைக்கவில்லை.

கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகை எல்லா இடத்துக்கும் போக வேண்டும். சாமி அறையில் தொடங்கி, சமையலறை, பீரோ, வாசலில் நிற்கிற வண்டி வரைக்கும். நம்மை அண்டியிருப்பது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பது என் மனைவியின் எண்ணம். அவள் சென்னிமலைப் பக்கம் பிறந்தவள், முருகன் காரியத்தில் குறை வைக்க மாட்டாள். தொட்டிக்கும் எப்போதும் மூன்று சுற்று உண்டு. மற்ற நாளில் அதனால் ஒன்றும் ஆனதில்லை. கரண்டில் ஓடும் பெரிய மோட்டார் தண்ணீரைத்தான் சுற்றவிடும். இந்தச் சின்ன மோட்டார் அறையிலிருக்கிற காற்றை இழுத்தல்லவா தண்ணீருக்குள் ஊதுகிறது. சாத்திக் கிடந்த அறையில் அன்று காற்று எங்கே இருந்தது? புகைதான் இருந்தது.

நான் சாமி அறையில் விபூதியை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோகும்போது அவள் குரல் கேட்டது.

"ஏனுங்க, இக்கட்ட வாங்க. தண்ணிக்குள்ளார இருந்து பொகை வருதுங்க."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் நூல் மாதிரி புகை எழுந்தது. குனிந்தால் தண்ணீரிலேயே சாம்பிராணி வாசம். பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்னதைக் காணவில்லை.

மோட்டாரைப் பிடுங்கினேன். ஜன்னலையெல்லாம் திறந்தேன். அவள் கையில் தூபக்காலோடு அப்படியே நின்றாள்.

"பாப்பாளக் கூப்புடுலாமுங்களா?"

"அங்க நடுராத்திரி அம்மணி. எழுப்பி அழ வெக்கோணுமா?"

மகள் சொல்லிக் கொடுத்த முறைப்படியே நானும் ஒரு டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருப்பேன். பழைய தண்ணீரில் கொஞ்சத்தை இறைத்துவிட்டு அதை ஊற்றினேன். புகை குடித்த அந்தச் சின்ன மோட்டாரை மறுபடி வைக்கப் பயம். இனிக் காற்றுக்கு வழி? மொண்டு மேலிருந்து ஊற்ற வேண்டும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மனைவி ஓடிப்போய்ச் சாமி அறையிலிருந்து செம்புச் சொம்பை எடுத்து வந்தாள்.

"அது ஆகாது. செம்பு பட்டா எறா செத்துப்போகும்னு பாப்பா சொல்லீருக்குதில்ல?"

"சாமிக்கு ஆகறது எறாவுக்கு ஆகாதாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிரிக்காத பிளாஸ்டிக் ஜக்கு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள்.

மொண்டு தூக்கி ஊற்றினேன். மறுபடி மொண்டேன். ஒவ்வொரு ஜக்குக்கும் சண்முகா, சண்முகா என்று வாய் தானாகச் சொன்னது. கை ஓய்ந்தால் அவள் வாங்கிக்கொள்வாள். அவள் புடவைத் தலைப்பு நனைந்தது, என் சட்டை நனைந்தது, தரையெல்லாம் உப்பு. மதியத்துக்குச் சமைத்தது மூடியபடியே கிடந்தது.

"மருதமலைல அபிசேகம் பாக்கறாப்புடி இருக்குதுங்க" என்றாள் ஒருதடவை.

"அங்க ஊத்தறது வேற ஆளு. நாம கும்புட்டுட்டு நின்னாப் போதும்."

"இங்கயும் நீங்க கும்புட்டுட்டு நில்லுங்க. ஜக்கை இப்புடிக் குடுங்க."

அந்த வேளையில் நான் முருகனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. மகளுக்கு நல்ல வரன், என் முழங்கால் வலி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொழுதோடு அவள் கூப்பிடும்போது காட்டுவதற்காகவாவது உயிரோடு இரு என்று மீனிடமும் கேட்டுக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்து கரண்ட் வந்தது. பெரிய மோட்டார் உர்ரென்று கிளம்பியது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் பூசைக்கு இடைஞ்சல் என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். பெரிய மீன் கீழே இறங்கியது. சின்னது வரவில்லை. தரையைத் துடைக்கக்கூட நேரமில்லை, போன் அடித்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு சாமி."

"மீனைக் காட்டுங்ப்பா... என்னுங்ப்பா தண்ணி மங்கலா இருக்குது? சின்னது எங்கீங்க?"

என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் சொல்லிவிட்டேன். "கரண்ட் இல்ல கண்ணு. கிருத்திகைன்னு அம்மா சாம்பிராணி போட்டா. அந்தச் சின்ன மோட்டாரு பொகையெல்லாம் இழுத்து உள்ள ஊதிப்போட்டுது."

திரையில் அவள் முகம் தொட்டியைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்தது.

"இன்னைக்கு கிருத்திகையாங்ப்பா?" என்றாள். "நாளு கெழமையே தெரிய மாட்டேங்குது இங்க. அந்த வாசம் எப்புடி இருக்கும்னே மறந்துபோச்சு." பிறகு, "போனைத் திருப்புங்க. அம்மாளப் பாக்கோணும்" என்றாள்.

கேமராவை எங்கள் பக்கம் மாற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்காகத் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றோம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஏனுங்மா, கொளத்துல உளுந்து எந்திரிச்சு வந்தீங்களா?" என்று சிரித்தாள். சிரித்து முடியும்போது மூக்கை உறிஞ்சினாள். என் மனைவி அணைந்துபோன தூபக்காலைக் கொண்டுவந்து போனுக்கு நேராக நீட்டினாள், வாசம் போய்விடும் போல.

"அம்மா, நவுராதீங்க" என்றாள் மகள் திடீரென்று. "உங்க பின்னால பாருங்க. இல்ல, திரும்பாதீங்க. அப்புடியே நில்லுங்க."

பின்னால் என்ன வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பாமல் நின்றோம். மற்ற நாளில் அவள் கண் போகிற போக்கில், மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். அன்று முடியவில்லை. அவள் கண் ஓரிடத்திலேயே நின்றது. மீனைப் பார்க்கிறாளா, எங்களைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

வேலைக்கு நேரமாகியிருக்கும். அவளும் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. எங்களுக்குக் காலெல்லாம் கடுத்தது. நகரவில்லை.