தலைப்பிள்ளை பிறந்த கரை

வல்வெட்டித்துறையில் சிவக்கொழுந்துக்குப் பயப்படாத ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் கடலில் இருந்தார்கள். கரைக்கு வந்ததும் அவர்களுக்கும் பயம் வந்துவிடும். செத்த புருஷன் விட்டுப்போன தோணியை ஒன்பது வருடம் கரையில் நின்றபடியே ஓட்டியவள் அவள். புகையிலை ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்புவாள், திரும்பும்போது ஓடு ஏற்றிவரச் சொல்லுவாள். தோணியை நடத்துகிற தண்டையல்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாய் விரிப்பான்.

அவள் பிறந்தது அக்கரையில், கோடிக்கரையில். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும். அவள் தாயின் வீடு கோடிக்கரையில் இருந்தது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் தகப்பன் தோணி கொண்டுபோய்த் தாயையும் பிள்ளையையும் ஏற்றி வந்தார். அந்தத் தகப்பனும் ஒரு தலைப்பிள்ளை, அவரைப் பெற்றவளும் கோடிக்கரைப் பெண், ஆகவே அவர் பிறந்ததும் அங்கேதான். அவள் தம்பி நடராசா இரண்டாவது பிள்ளை என்பதால் இங்கே பிறந்தான். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாட்டுவண்டியில் போய்வருகிற நேரத்துக்குள் கோடிக்கரைக்குப் போய்விடலாம். அது வேறு நாடு என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தவர் பென்சனியர் இராசநாயகம். மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்து, வெள்ளைக்காரன் கொடுத்த பென்சனோடும் ஒரு தொப்பியோடும் ஊர் திரும்பியவர். நாற்பத்தாறாம் ஆண்டு, வரப்போகிற பாராளுமன்றத் தேர்தலுக்கு ஆள் பிடிக்கிற வேலையை மேலே போட்டுக்கொண்டு சிவக்கொழுந்தின் வாசற்படலைக்கு வந்தார்.

"உம்மடை வோட்டு எங்கடை ஆளுக்குத்தானே?"

"அண்ணை, வோட்டு என்ரை. ஆருக்கு எண்டதைப் பெட்டிக்குத்தான் சொல்லுவன்."

அவர் சிரிக்கவில்லை. மாதம் ஒன்று போகமுன் கடிதம் வந்தது. இன்னார் இந்தியாவில் பிறந்தவர், இலங்கையர் அல்ல, வோட்டர் இடாப்பிலிருந்து அவர் பெயரை நீக்கவேண்டும் என்று இராசநாயகம் ஆட்சேபம் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் விசாரணை.

சிவக்கொழுந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. தோணி புருஷன் பெயரில் இருந்தது. துறைமுகக் கடதாசிகளில் தம்பி கையெழுத்து வைத்தான். அவளுக்கென்று, வேறு யாரும் கையெழுத்து வைக்காமல் இருந்தது அந்த வோட்டு ஒன்றுதான். முதன்முதல் வோட்டுப் போடப் போன நாள், புருஷன் உயிரோடு இருந்த காலம், கூறைச்சேலை உடுத்திக்கொண்டு போனவள் அவள். அதைப் பறிக்க ஒருவன் வருவதென்றால் வயிறு எரியாதா?

விசாரணைக்குப் போகிற வழியில் நடராசா கெஞ்சினான். "அக்கா, இஞ்சைதான் பிறந்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் சாட்சி சொல்லுறன்."

"எனக்குப் பிறகு பிறந்த நீ என்ரை பிறப்புக்குச் சாட்சியோ? அம்மா என்னைக் களவெடுத்தோ பெத்தவ, நான் ஒளிக்க?"

வந்திருந்த உத்தியோகத்தர் பொல்லாதவர் அல்ல. அவருக்கும் வேலை கெதியாய் முடியவேண்டும். "நீர் எங்கை பிறந்தனீர்? வல்வெட்டித்துறைதானே?" என்று விடையையும் தானே எடுத்துக் கொடுத்தார். ஒரு ஓம் போதும்.

"கோடிக்கரையிலை, ஐயா. என்ரை அம்மாவின்ரை வீட்டிலை."

அக்கரையிலிருந்து வந்தவனுக்கு ஊரில் வடக்கத்தியான் என்று பெயர். இராசநாயகம் கதிரையில் சாய்ந்தார். "பாத்தியளே? வடக்கத்தியானையும் வயித்துவலியையும் நம்பப்படாது எண்டு சும்மாவோ சொன்னவை!"

சிவக்கொழுந்து அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணை, உங்கடை மூத்தவன் எங்கை பிறந்தவன்?"

"மலாயாவிலை, தைப்பிங்கிலை. அதுக்கென்ன?"

"அவன்ரை பேர் இடாப்பிலை இருக்கே?"

"இருக்குந்தானே. அவன் என்ரை பிள்ளை."

"அப்ப நான் ஆற்ரை பிள்ளை? ஏழு நாள் கப்பலிலை போய்ப் பிறந்தவன் யாழ்ப்பாணத்தான். ஒரு பகல் தோணியிலை போய்ப் பிறந்தவள் வடக்கத்தியாளோ?"

பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. உத்தியோகத்தருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் கையில் சட்டம் இருந்தது. "தகப்பன் பிறந்த ஊரையும் பாக்கவேணும், அம்மா. இராசநாயகம் பிறந்தது இஞ்சை, அதாலை மகனுக்குப் பிரச்சினை இல்லை. உம்மடை தகப்பன்?"

"அவரும் தலைப்பிள்ளைதான், ஐயா. அவரும் அங்கைதான்."

உத்தியோகத்தர் பேனையை மூடினார். "அப்ப உங்கடை குடும்பம் எந்த நாட்டுக் குடும்பம் எண்டு நான் எழுதுறது?"

"பிள்ளைப்பெத்துக்குப் போறவள் நாடு மாறிப் போறாள் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? எனக்கு அம்மா வீடு ஒண்டு, அப்பு வீடு ஒண்டு. நடுவிலை கடல் கிடக்கு. அதிலை ஆரோ கோடு கீறினால், கீறினவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. என்னை ஏன் கேக்கிறியள்?"

நல்ல பேச்சுத்தான். நல்ல பேச்சுக்கு யார் வோட்டுக் கொடுத்தார்கள்? மூன்றாம் வாரம் முடிவு வந்தது: பெயர் வெட்டப்பட்டது.

அவள் அழுதாள், பொய் சொல்வானேன். ஒரு பகல் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவளுடைய ஒரே மகள் அருந்ததி கோடிக்கரையில், சிவக்கொழுந்தின் தாய்மாமன் வழியில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. நடராசா வந்து மெல்லச் சொன்னான்: "அக்கா, உந்தக் கரைச்சலோடை அவளை இஞ்சை கூட்டிவரவேண்டாம். அங்கையே பெறட்டும். பிறகு ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

சாத்தியிருந்த கதவு திறந்தது. "தாய்வீடு எண்டு நான் ஒருத்தி இருக்க, என்ரை பிள்ளை ஏன் மாமி வீட்டிலை பெறவேணும்? நாளைக்குக் காத்துச் சரி. தோணியை இறக்கு."

அருந்ததி வந்தாள், பெண் பிள்ளை பிறந்தது. பிறப்புப் பதிகிற இடத்துக்குச் சிவக்கொழுந்து தானே போய், பிறந்த ஊரை எழுத்துக் கூட்டிச் சொல்லி எழுதுவித்தாள். கோடிக்கரையில் அம்மைநோய் பரவியதால் தாயும் பிள்ளையும் உடனே திரும்பவில்லை.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. சிவக்கொழுந்து பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நின்றாள். வெயில் ஏற ஏற ஊர் முழுதும் அவளைப் பார்த்தது. முன்னால் இராசநாயகத்தின் மூத்த மகன், தைப்பிங்கில் பிறந்தவன், வோட்டுப் போட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டு போனான்.

மேசையில் இருந்த கிளாக்கர் இடாப்பில் விரலை ஓட்டினார். "உங்கடை பேர் இல்லையே, அம்மா."

"தெரியும், தம்பி. வெட்டினது எந்த இடம்? காட்டு, பாப்பம்."

அவர் தயங்கித் தயங்கித் தாளைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் ஒரு கோடு. அவள் குனிந்து, ஆற அமரப் பார்த்தாள். பின்னால் வரிசை பொறுத்து நின்றது. பிறகு பேத்தியைத் தூக்கி மேசையின் மேல், இடாப்புக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

"இவள் இஞ்சை பிறந்தவள், என்ரை வீட்டிலை. தகப்பன் கோடிக்கரையான். இவளையும் வெட்டுறதெண்டால் சிவப்பு மையைக் காயவிடாதையுங்கோ. இருபத்தொரு வருசத்திலை கூட்டிக்கொண்டு வாறன்."

பிள்ளை அந்தத் தாளை எட்டிப் பிடித்தது. கிளாக்கர் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.