அது எம்பட ரத்தமுங்க

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் வசந்தாமணி பொய் சொல்கிறவள் அல்ல. 1979 ஐப்பசியில் நாமக்கல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தாள். இது அங்கே, பட்டப்பகலில் நடந்தது.

சேந்தமங்கலத்துச் செங்கோடனை மரவள்ளிக் குச்சிக் கட்டுக்குள் கிடந்த கண்ணாடி விரியன் கடித்து மூன்று நாள். விஷம் உடம்பு முழுக்க ரத்தத்தைப் பொடிப்பொடியாக உறைய வைத்தது. உறைய வைக்கும் சத்து அதிலேயே தீர்ந்துபோக, ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. விஷமுறிவு மருந்து போட்டதும் கசிவு நின்றது. ஆனால் அடைப்பில் கல்லீரல் கெட்டுவிட்டது. கண் மஞ்சள். வந்த நாள் முதல் நினைவில்லை.

கூட இருந்தவள் மனைவி சௌந்திரம். முந்தின நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனவளையும் அதே கட்டுக்குள்ளிருந்து பாம்பு கடித்திருக்கிறது. புருஷனைப் பார்க்க ஆளிருக்காது என்று மறைத்துவிட்டாள், பாவம். அன்று காலை ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் டாக்டரிடம் சொன்னாள்.

மிச்சமிருந்த மருந்து ஒருவருக்குத்தான் போதும். ரத்தம் உறையாதவருக்கே அது.

மணி 2.00. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இருவர் ரத்தமும். வசந்தாமணி பெயர்ச் சீட்டு ஒட்டி, உறைகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் வைத்தாள்.

2.20. சாய்த்தாள். ஒன்று தண்ணீராய் ஓடியது. மற்றது அசையவில்லை. அதில் சௌந்திரத்தின் பெயர். அப்பாடா! மருந்து செங்கோடனுக்கு என்று எழுதினாள்.

2.22. பச்சை மண் வாசனை... மின்விசிறி சுற்றியது. மேசைக் காகிதம் அசையவில்லை.

"அம்மிணி..."

ஜன்னலில் ஒருவன். மஞ்சள் கண்கள்.

"அது எம்பட ரத்தமுங்க."

"எது?"

"ஒறைஞ்சது. அவளுது ஓடுது. இன்னொருக்கா எடுத்துப் பாருங்க..."

குழாயைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

யாருமில்லை.

ஓடினாள். சௌந்திரத்திடம் மறுபடி ரத்தம் எடுத்தாள். 2.47க்குச் சாய்த்தாள்.

ஓடியது...

சீட்டை மாற்றி ஒட்டியது அவளேதான். எழுதியதை அடித்துத் திருத்தினாள். மருந்து சௌந்திரத்துக்குப் போனது. பிழைத்தாள்.

மூன்று மணிக்கு நர்ஸ் ஆத்தாயி வந்தாள். "செங்கோடன் ரெண்டு அஞ்சுக்கே போயிட்டாருங்க அக்கா."

ஒன்பதாம் நாள் சௌந்திரம் ஊருக்குக் கிளம்பினாள். வசந்தாமணிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்களப் பாம்பு கடிச்சத அவருகிட்டச் சொன்னீங்களா?"

சௌந்திரம் அழுதாள்.

"இல்லீங்க அம்மிணி. சொன்னாலும் கேக்கற நெலைமையிலயா இருந்தாரு? அவரு தெரியாமத்தான் போனாரு."