படம் எடுக்க ஒரு கடல்

மணியாச்சியில் வண்டி மாறியபோதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யுத்தம் முடிந்து, கச்சா ஃபிலிம் மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் முதலாளி முத்துக் குளிப்பவன் ஒருவனின் கதையைப் படமாக்க இருந்தார். கடைசியில் அவன் புயலில் மாள்கிறான். கரையில் மனைவி கதறுகிறாள். அவர் மனத்தில் இருந்தது மகாபலிபுரம். தூத்துக்குடியைப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன், உதவி டைரக்டரான நான். "நாளை மறுநாள் தந்தி வந்தாக வேண்டும்" என்று சொல்லி, கேமராக்காரர் நாராயணனையும் என்னோடு அனுப்பியிருந்தார்.

ஊர் வருமுன்பே உப்பளங்கள் வந்தன. வெள்ளை வெயில் கண்ணைக் குத்தியது. ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்து நேரே கடற்கரைக்குப் போனோம். கடல் குளம் போலக் கிடந்தது.

"இதுவா கடல்? நம்ம ஸ்டூடியோ தொட்டியிலே இதைவிட அலை வருமே!" என்றார் நாராயணன்.

"இங்கன கடலு இப்படித்தான் சாமி. அலை வேணும்னா மணப்பாட்டுக்குப் போங்க" என்றான் ஜட்காக்காரன்.

மணப்பாடு முப்பது மைலுக்கு மேல். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவால் ஓடிய பஸ்ஸும் அன்று ஓடவில்லை. போதாததற்கு, முத்துக் குளிப்பும் நடக்கவில்லை. "பாருல சிப்பி வெளையல அண்ணாச்சி. இப்பம் சங்குதான்" என்றார் தோணிக்காரர் மிக்கேல். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. சங்கு குளிப்பதையாவது பார்க்கிறோம் என்று கெஞ்சி, மறுநாள் விடியலில் அவர் தோணியில் ஏறிக்கொண்டோம்.

கரை மங்கிய கோடாகும் தூரத்தில் பாய் இறக்கினார்கள். மிக்கேலின் தங்கை புருஷன் அந்தோணி, கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, சிலுவை போட்டு, மூக்கைப் பிடித்து இறங்கினான். அவனை மேலே இழுக்கும் கயிறு மிக்கேல் கையில். போனான், வந்தான், மறுபடி போனான். நாராயணன் அலுப்போடு கேமராவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தந்தியில் என்ன எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை போனவன் வரவில்லை.

முதலில் எனக்குத் தெரியவில்லை. மிக்கேலின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வானம் அப்படியே அதில் தெரிந்தது. கயிற்றைப் பக்கத்து ஆள் கையில் திணித்துவிட்டு மிக்கேல் குதித்தார். அவரும் வரக் காணோம். தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் என்னவோ கத்தினேன்.

இரண்டு தலைகளும் சேர்ந்தாற்போல் மேலே வந்தன. அந்தோணியின் மூக்கிலிருந்து ரத்தம். பாறை இடுக்கில் கால் மாட்டியிருக்கிறது. தோணியில் கிடத்தியதும் இருமினான். "சங்கு போச்சே" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். கேமரா பலகையில் கிடந்தது. நாராயணன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கரையில் செலின், அந்தோணியின் மனைவி, நொண்டிக்கொண்டு இறங்கிய கணவனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "இம்புட்டு நேரம் என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னிய?" பிறகு எங்களிடம் வந்தாள்.

"படம் புடிக்கவா வந்திய? இதப் புடிச்சியளா?"

"இல்லம்மா. கை ஓடலை" என்றார் நாராயணன்.

அவள் தலையசைத்தாள். "அப்பம் சரி."

படத்துக்காக அந்தோணி ஒரு நாள் முங்குவானா என்று தயங்கித் தயங்கி அவளிடமே கேட்டேன். புயல் காட்சி என்று சொல்லத் துணிவில்லை.

"முங்கட்டும். அன்னைக்குக் கயிறு என் கையில இருக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"தூத்துக்குடியே பொருத்தம். புயல் வேண்டாம். முடிவை மாற்ற வேண்டும்" என்று தந்தி கொடுத்தேன். மாலை வண்டிக்குள் பதிலும் வந்துவிட்டது: "உடனே புறப்பட்டு வா. நேரில் பேசலாம்." வேலை போகுமா, கதை மாறுமா, தெரியவில்லை. வண்டி நகர்ந்தபோது, "நான் உன் கூட நின்னு பேசறேன்" என்றார் நாராயணன்.

என் ஊர் கும்பகோணம். காவிரியில் வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் கலங்குவார்கள். தண்ணீர் வடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். செலினுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. கடல் அசையாமல் கிடக்கும் நாளில்தான் அவள் புருஷன் தொழிலுக்குப் போகிறான்.